கடல் இல்லாத ஊருக்கு ஒரு பெட்டி நண்டு

...கொதிக்க விடாதேம்மா, நண்டு சாறு திரிஞ்சு போயிடும் என்று சொன்னதும் மனிஷாதான், வேறு யாருமில்லை, நேற்றுச் சாயங்காலம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள், ரசத்தை இறக்கி வெச்சிட்டு அப்பறமா சாறை ஊத்து என்று அம்மாவுக்கே சமையல் சொல்லிக்கொடுத்தாள், அம்மாவும் சிரித்தாள், எனக்குத் தெரியாதா அம்முணி, உங்கப்பனுக்கு எத்தன தடவ வெச்சுக் குடுத்திருக்கறேன்... இப்போது அந்த வார்த்தையை எங்கே போய்த் திரும்ப வாங்குவது? மனிஷா லேப் மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒற்றை டிக். அனுப்பிப் பதினொரு நிமிஷம் ஆகிறது, இன்னும் ஒற்றை டிக்தான், ஊரில், மார்டள்ளியில், சிக்னல் என்பது காற்று மாதிரி, வந்தால் உண்டு. ‘அப்பா நண்டு சாறு குடிக்காத அம்மாகிட்ட கையால தொட வேண்டாம்னு சொல்லு எல்லாத்தையும் கொட்டிடு.’ அவள் எழுதியது இல்லை, போனுக்குள் பேசியது, போன் எழுதிக்கொண்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து கன்னட மீடியம், லேப் ரிப்போர்ட்டை இங்கிலீஷில் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவாள், தமிழ் மட்டும் எழுத வராது, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், அப்பாவுக்கோ தமிழ் தவிர வேறு எழுத்துத் தெரியாது. அப்பாவுக்குக் காதும் இல்லை, கல்குவாரி வெடியில் இருபது வருஷத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. பேசினால் அவருக்குக் கேட்காது, எழுதினால் இவளுக்கு வராது, நடுவில் இந்த மைக் படம் ஒன்றுதான் அப்பாவுக்கும் மகளுக்கும் பாலம், அதற்கும் டவர் வேண்டும், டவர் வா, வா, வந்துடு...

அரை மணி நேரத்துக்கு முன்னால் எல்லாம் சரியாக இருந்தது. மைசூர் மண்டி மொஹல்லாவில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கீழே சந்தில் ஆட்டோக்காரனும் ஸ்கூட்டர்க்காரனும் வழக்கம்போலத் திட்டிக்கொண்டார்கள், அவள் பதினேழாவது ரிப்போர்ட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். புண்ணிலிருந்து எடுத்த சாம்பிள். வளர்ந்த கிருமி என்ற இடத்தில் இதுவரை தட்டாத ஒரு பெயர், விப்ரியோ என்று தொடங்கியது, ஸ்பெல்லிங் சரிதானா என்று கேட்கத்தான் லேப் டெக்னீஷியன் அஷ்வினியிடம் போனாள், ஸ்பெல்லிங்கை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பியிருக்கலாம். அஷ்வினி மைசூர்த் தமிழ்ப் பெண், வீட்டில் தமிழ், வாயில் பாதி கன்னடம், ‘அடியே’ என்பதற்குக் ‘கணே’, எதைக் கேட்டாலும் பாடமே எடுத்துவிடுவாள். காலரா கிருமியோட சொந்தக்காரன் கணே இவன், கடல் தண்ணியில இருப்பான், நண்டு, இறால், சிப்பி எல்லாத்துலயும் ஒட்டிக்கிட்டு வருவான், தண்ணி சூடாக ஆக இவனுக்குக் கொண்டாட்டம். யாரோ ஓட்டல் சமையல்காரராம், இறால் உரிக்கும்போது விரல்ல குத்தியிருக்கு, அவ்வளவுதான், மறுநாளே கையெல்லாம் கொப்புளம், கறுத்துப் போச்சு, இப்போ ஐசியூவில. விரலில் குத்தினதுக்கா ஐசியூ? அதுதான் இவள் கேட்டது. எல்லாருக்கும் அப்படி ஆகாது, நமக்கெல்லாம் வந்தா ரெண்டு நாள் வயித்தால போகும், எழுந்திருச்சிடுவோம், அந்த மனுஷனுக்கு லிவர் கெட்டுப்போயிருந்ததாம், லிவர் கெட்டவங்களுக்குத்தான் இவன் எமன், ரத்தத்துல ஏறிட்டான்னா ரெண்டே நாள். சொல்லிவிட்டு அஷ்வினி நிமிர்ந்து பார்த்தாள். ஏன் கணே, பேயைப் பாத்த மாதிரி நிக்கற? சிப்பியைப் பச்சையா முழுங்கிட்டியா? இல்லையில்லை, சும்மாதான்... பாத்ரூம் போகிறேன் என்று சொல்லி மாடிப்படிக்கு வந்தவள்தான்.

லிவர். அப்பாவின் லிவர். போன வருஷம் மஞ்சள் காமாலை மாதிரி கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிறு பானையாகி, ஸ்கேனில் பார்த்தால் ஈரல் சுருங்கிப்போயிருந்தது, இருபத்தைந்து வருஷத்துச் சாராயம். லேபில் யாருக்கும் தெரியாது, அப்பாவுக்குச் சுகர் என்று சொல்லி வைத்திருக்கிறாள், சுகர் மரியாதையான வியாதி. இப்போது பத்து நாளாக இருமல், ராத்திரியெல்லாம் தூங்க விடறதில்ல அம்முணி என்று அம்மா சொன்னதும் இவளுக்கு நண்டு ஞாபகம் வந்தது. ஊரில் சளிக்கும் இருமலுக்கும் வயல் நண்டுதான் மருந்து, உயிரோடு பிடித்துவந்து உரலில் போட்டு இடித்து, துணியில் பிழிந்து, மிளகு ரசத்தை இறக்கி வைத்து அந்தச் சாறை மேலே ஊற்றி ஒரு கலக்குக் கலக்கி... அடுப்பில் வைத்தால் திரிந்துவிடும், மருந்தும் போய்விடும், அதுதான் கணக்கு. இந்தக் கோடையில் வயல் வெடித்துக் கிடக்கிறது, நண்டுக்கு எங்கே போவது, அம்மா அலுத்துக்கொண்டாள். நான் அனுப்பறேம்மா! எவ்வளவு பெருமையாகச் சொன்னாள். மைசூரில் எது இல்லை? வேலை முடிந்ததும் இதே மண்டி மொஹல்லாவில், இதோ அந்தத் திருப்பத்தில், மீன் கடைக்காரர் கூடையைத் திறந்து காட்டினார், மங்களூர் நண்டும்மா, நேத்து கடல்ல இருந்தது, உள்ளங்கை அகலம், நீலக் கால், வயல் நண்டு இதற்கு முன்னால் கொசு. ஒன்று கவ்வியது, வலது ஆள்காட்டி விரலில்... விரல். மனிஷா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சின்னச் சிவப்புப் புள்ளி. வீங்கியிருக்கிறதா? அழுத்தினாள். வலிக்கிறதா, அழுத்தியதால் வலிக்கிறதா? எனக்கு லிவர் நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு ஒன்றும் ஆகாது, எனக்கு ஆனாலும் பரவாயில்லை, கடவுளே அப்பாவுக்கு...

தெர்மாகோல் பெட்டி, இரண்டு கிலோ ஐஸ், மேலே டேப். தங்கியிருக்கும் பிஜி விடுதி சைவம், ஓனரம்மா முட்டை வாசம் வந்தாலே கதவைத் தட்டுவாள், அதனால் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே பழைய துப்பட்டாவைப் போட்டு, ஊதுபத்தி ஏற்றி வைத்துப் படுத்தாள், ஃபேன் சூட்டுக் காற்றைத்தான் சுற்றியது. தண்ணி சூடாக ஆக இவனுக்குக் கொண்டாட்டம். விடிந்ததும் மார்க்கெட்டில் தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பும் லிங்கப்பன் அண்ணனின் வண்டியில் ஏற்றிவிட்டாள், ஊர்க்காரர், இதுவரை எத்தனை மாத்திரைப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்... அவரைக் கூப்பிட்டால் என்ன? ஏன் இது முதலிலேயே தோன்றவில்லை?

“சொல்லு அம்முணி, பொட்டி பத்து மணிக்கே குடுத்தாச்சு.”

“ஏனுங்கண்ணா, இப்ப எங்க இருக்கறீங்க? ஊர்லயா?”

“நான் கொள்ளேகாலுக்கு வந்துட்டேனே. ஏன்? ஆனா ஒண்ணு சொல்றேன், அடுத்த தடவ பிளாஸ்டிக் கவர்ல கட்டிக் குடு, ஐஸ் பூரா தண்ணியாகி ஒழுகி, சீட்டெல்லாம் நாத்தம். ஹனூர்லயே நிறுத்தி அந்தத் தண்ணியக் கீழ ஊத்திட்டேன்.”

“ஐஸ் இல்லாமயா கொண்டு போனீங்க?”

“அட, செத்தா போச்சு? ஒண்ணு சாவாம கால ஆட்டிக்கிட்டிருந்துச்சு! உங்கம்மா உரலக் கழுவிக்கிட்டு இருந்தாங்க. இம்மாம்பெரிய நண்ட எப்படி இடிக்கறதுன்னு ஒரே சிரிப்பு. உங்கப்பன் அத ராட்சசன்னான்.” அவரும் சிரித்தார். அம்முணி, அம்முணி, லைன்ல இருக்கறியா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

உரல் கழுவியது பத்து மணிக்கு. இப்போது பதினொன்றே முக்கால். நண்டை இடிக்க எவ்வளவு நேரமாகும்? அம்மா முதலில் ஆட்டுக்குத் தண்ணி காட்டுவாள், சாணி எடுப்பாள், அதற்கு அரை மணி, அப்புறம் அப்பா குளிப்பார், குளித்துவிட்டுத்தான் மருந்து, வெறும் வயிற்றில்... இல்லை, நேரம் இருக்கிறது. இருக்கும். ஆனால் அம்மாவின் கை? வெடிப்பு இல்லாத நாள் உண்டா அந்தக் கைக்கு, களை எடுத்து, முள் வெட்டி, நண்டு ஓட்டின் முனை ஒவ்வொன்றும் ஊசி, அப்பாவை மட்டுமா அனுப்பப் பார்த்தேன்... பக்கத்து வீட்டு மாதம்மா அத்தைக்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னது. மறுபடி போட்டாள். அதே பொறுமை.

எட்டு விரல். ஏன் இப்போது எட்டு விரல் ஞாபகம் வருகிறது, வேண்டாம் என்றாலும் வருகிறது, அந்த ஆஸ்பத்திரி வார்டு, டிஸ்சார்ஜ் நாள், டாக்டர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே கன்னடத்தில் சொன்னார், இவள் அதைத் தமிழாக்கி அப்பாவின் இடது காதுக்குள் கத்த வேண்டும். குடிக்கக் கூடாது! என்று கத்தியதும் பக்கத்துப் படுக்கைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், வார்டே திரும்பியது, அவள் முகமெல்லாம் எரிந்தது. உப்பைக் குறை! மாத்திரையை விடாதே! சளி மருந்தைச் சும்மா வாங்கிக் குடிக்காதே! ஒவ்வொன்றுக்கும் அப்பா தலையாட்டினார், சரி, சரி சாமி, சரி. எட்டாவது விரலில் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒன்பதாவதாக டாக்டர் சொன்னது, கடல் நண்டு, சிப்பி, இறால், இதெல்லாம் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ வாயில் வைக்கவே கூடாது, ஈரல் கெட்டவர்களுக்கு அதில் ஒரு கிருமி... அவர் அந்த விரலை மடக்காமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடலா? மார்டள்ளிக்கா? எங்களுக்குத் தெரிந்த தண்ணி பாலாறு, அதுவும் இந்த மாசம் மணல். உள்ளுக்குள் சிரிப்புக்கூட வந்தது. இதையும் கத்தி, வார்டு முழுக்க இன்னொரு தடவை திரும்பி... எல்லா ஹேளித்யாம்மா என்று டாக்டர் கேட்டார். எல்லாம் சொல்லிவிட்டாயா. ஹேளிதே சார். சொல்லிவிட்டேன் சார். எட்டு மாசம் கழித்து, இரண்டு கிலோ ஐஸ் போட்டு, அந்த ஒன்பதாவது விரலை அவளே பெட்டியில் கட்டி ஊருக்கு அனுப்பிவைத்தாள்.

படியில் செருப்புச் சத்தம். அஷ்வினி மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள். எஷ்டு ஹொத்து கணே, எவ்வளவு நேரம் பாத்ரூம், ரிப்போர்ட்டுக்கு ஆள் வந்து உட்கார்ந்திருக்கு. மனிஷா எழுந்தாள், கேட்டுவிடு, இப்போது கேட்காவிட்டால் எப்போது...

“அஷ்வினிக்கா, லிவர் கெட்டவர் ஒருத்தர் நண்டு சாறு பச்சையா குடிச்சிட்டா... என்ன செய்யணும்?”

“யாரு?”

“ஊர்ல. பக்கத்து வீட்டுக்காரர்.”

“பக்கத்து வீட்டுக்காரருக்கா இப்படி வேர்த்துக் கொட்டுது உனக்கு?” அஷ்வினியின் முகத்தில் விளையாட்டு போய்விட்டது. “குடிச்சிட்டாரா, இல்ல குடிக்கப்போறாரா? குடிக்கலைன்னா கீழ கொட்டச் சொல்லு. குடிச்சிட்டாருன்னா காய்ச்சலுக்காகக் காத்துக்கிட்டு இருக்கக் கூடாது, உடனே டாக்டர்கிட்ட போய் இன்ன சாறு குடிச்சேன், எனக்கு லிவர் கெட்டிருக்குன்னு வாயைத் திறந்து சொல்லணும். நடுக்கம் வந்தாலோ, கால்ல கொப்புளம் வந்தாலோ நேரா பெரிய ஆஸ்பத்திரி. முதல்ல எதுன்னு கேளு. குடிச்சாரா, இல்லையா?”

அதைத்தானே அரை மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்... அவள் மறுபடி அப்பாவுக்கே போட்டாள். காது கேட்காவிட்டாலும் சட்டைப்பையில் போன் நடுங்கினால் எடுப்பார், வீட்டில் ஒரே போன், அம்மா பக்கத்தில் இருந்தால் வாங்கிக்கொள்வாள். எல்லைக்கு வெளியே. மறுபடி. எல்லைக்கு வெளியே. மறுபடி... மணி அடித்தது! அடித்துக்கொண்டே இருந்தது, எடுத்துவிடு, எடுத்துவிடு...

“ஆரு? அம்முணியா?”

“அப்பா! நண்டு சாறு குடிக்காத! அம்மாகிட்ட போனக் குடு! அம்மாகிட்ட!”

“ஆங். சரி சாமி.”

“சரி இல்லப்பா! அம்மாவக் கூப்பிடு! குடிச்சிட்டியா? குடிச்சியாப்பா?”

“சரி, சரி. நீ சாப்ட்டியா? அங்க வெயிலு சாஸ்தியா? மோரு வாங்கிக் குடி. காசப் பாக்காத. வெச்சிடறேன்.”

அவர் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. டொக்... டொக்... கல் உரலில் உலக்கை விழும் சத்தம், பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம், நண்டு ஓடு நொறுங்கும் ஈரச் சத்தமும் அதில் இருந்ததா, இல்லை இவளே சேர்த்துக்கொண்டாளா? இருமினார், நெஞ்சின் அடியிலிருந்து. அப்புறம் உலக்கை நின்றது. நின்றதும் லைனும் நின்றது. ஏன் நின்றது உலக்கை? இடித்து முடிந்துவிட்டதா? இது முதல் நண்டா, கடைசி நண்டா? பிழிய எவ்வளவு நேரம், துணியைத் தேடி, அலசி, பிழிந்து... ஐந்து நிமிஷம். ரசம் ஏற்கனவே இறக்கி வைத்திருந்தால் மூன்று. மைக்கை அழுத்தினாள். மாடிப்படியில் நின்று, வாயைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து, நிறுத்தி நிறுத்தி, வார்த்தை வார்த்தையாக, அன்றைக்கு வார்டில் கத்தியதைவிடச் சத்தமாக, கீழே சந்தில் ஸ்கூட்டரில் போகிறவன் நிமிர்ந்து பார்த்தான், பார்த்துக்கொள், ரிப்போர்ட்டுக்கு உட்கார்ந்திருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். “அப்பா. கடல் நண்டு. உன் ஈரலுக்கு. விஷம். டாக்டர் அன்னிக்கே சொன்னார். நான்தான் உன்கிட்ட சொல்லல. குடிக்காத. கொட்டிடு. அம்மா கைய சோப்பு போட்டுக் கழுவச் சொல்லு.” போன் ஒவ்வொன்றையும் எழுதியது. அவள் எழுத்துக் கூட்டிப் பார்த்தாள், க-ட-ல், ந-ண்-டு, சரியாகத்தான் இருக்கிறது, நான்தான் உன்கிட்ட சொல்லல என்ற வரியில் விரல் ஒரு நொடி நின்றது, அழித்துவிடலாமா... அனுப்பினாள். பின்னால் அஷ்வினி நிற்பது தெரிந்தது. உங்கப்பாவா கணே, என்று மெதுவாகக் கேட்டாள், இவள் திரும்பவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

இரண்டு டிக். போய்விட்டது! முதலில் அனுப்பியதும் கூடவே போய்விட்டது. சாம்பல் நிறம். அப்பா கண்ணாடியைத் தேடுவார், அது மாடத்தில் இருக்கும், எடுத்து, துண்டில் துடைத்து, மாட்டி... நீலம். நீலமாகிவிட்டது, படித்துவிட்டார், படித்துக்கொண்டிருக்கிறார், அவரும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், இந்த விஷயத்தில் மகள் அப்பாவைக் கொண்டு. மேலே ‘டைப்பிங்’ என்று வந்தது. அப்பாவின் கட்டைவிரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுவது இங்கிருந்தே தெரிந்தது. பதில் வந்தது.

‘சரி’

சரி என்றால்? சரி கொட்டிவிடுகிறேனா, சரி கொட்டியாச்சா, சரி குடித்தாச்சு இனிமேல் குடிக்கவில்லையா? மைக்கை அழுத்தினாள். “குடிச்சியா குடிக்கலையா அப்பா. அதை மட்டும் சொல்லு.” நீலம். டைப்பிங். நிற்கிறது. மறுபடி டைப்பிங்.

‘சரி சாமி’

மனிஷா அதை இன்னொரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தாள். வார்டிலும் இதேதான், எட்டு விரலுக்கும் இதேதான், அன்றைக்கு அவருக்கு ஒன்றாவது கேட்டதா? குடியை விட்டாரே, அது இவள் கத்தியது கேட்டதாலா, இல்லை உடம்பே இனி ஏற்காது என்பதாலா? பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட வந்தபோது டீச்சருக்குச் சரி, மைசூருக்குப் போகிறேன் என்றபோது சரி, கேட்காததையெல்லாம் கேட்டது மாதிரி தலையாட்டி யாரையும் சங்கடப்படுத்தாமல் இருபது வருஷம்... அவள் அதை நம்பினாளா? நம்பவில்லை. நம்பாமலேயே எடுத்துக்கொண்டாள், அந்தச் சரி வந்துவிட்டால் இன்னொரு தடவை கத்த வேண்டாமே, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்களே. ஒன்பதாவது விரலைச் சொல்லாமல் விட்டபோதும் அவர் சரி என்றுதான் சொன்னார், சொல்லாததற்கே சரி சொன்னார், அதைக் கேட்டு இவள் நிம்மதியாக மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

சரி என்று பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி வேண்டும். இப்போது, உடனே. டம்ளர் காலியா, கையில் என்ன இருக்கிறது, வாயில் என்ன ருசி... வாயில் என்ன ருசி. அதைக் கேட்கலாம். அதைக் கேட்டால், குடித்திருந்தால், மிளகு என்று வந்துவிடும், வந்துவிட்டால்... அவள் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் மைக்கை அழுத்தினாள். கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது, அஷ்வினியின் கை தோளில் விழுந்தது, ஆள்காட்டி விரலில் அந்தச் சிவப்புப் புள்ளி துடித்தது. அப்பா, என்றாள். போன் எழுதியது, அப்பா. அடுத்த வார்த்தைக்காக மைக் சிவப்பாக மின்னிக்கொண்டு காத்திருந்தது, காத்திருந்தது, எதுவும் வராததால் தானாகவே அணைந்தது.